பாதி இறக்கை ஈக்கள்

டாக்டருக்குப் படிக்க முடியாதவர்களுக்கென்று ஆண்டவன் எத்தனையோ படிப்புகளைப் படைத்து வைத்திருக்கிறான். அதில் ஒன்று மரபியல். சின்னவள் அதில் போய் விழுந்தது ஆசைப்பட்டு அல்ல. பெரியவள் ஏற்கெனவே டாக்டர். வீட்டில் ஒரு டாக்டர் இருந்துவிட்டால் அடுத்த பிள்ளையும் டாக்டராக வேண்டும்; ஆகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று ஊர் முடிவு கட்டிவிடும். சின்னவளுக்கு மார்க் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஸ்டெதஸ்கோப், கார், சொந்தக்காரர்கள் எழுந்து நின்று கொடுக்கும் நாற்காலி எல்லாம் அந்தக் கொஞ்சத்துக்குள்தான் அடங்கியிருந்தன.

சேர்க்கை அலுவலகத்தில் இருந்த கிளார்க், "மரபியல் எடுத்துக்கோங்க. இதுவும் ஒடம்பு சம்பந்தப்பட்டதுதான்," என்றார். அடுத்து நின்ற பையனுக்கு இயற்பியலைத் தள்ளிவிட்டபோதும் அவர் அதையேதான் சொன்னாராம். அம்மா வீடு திரும்பும் வழியிலேயே கதையைத் தயார் செய்துவிட்டாள். "டாக்டருக்குப் பக்கத்துல ஒண்ணு படிக்கிறா," என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்தாள். எந்தப் பக்கம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஆனால் வேலை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினார்.

"இந்த வழுக்க எங்கப்பா வழியா வந்துச்சா, எங்கம்மா வழியா வந்துச்சா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"ரெண்டு பக்கமும் இருக்கலாம் சித்தப்பா."

"முடி திரும்ப வருமா?"

"அது தெரியாது."

"அப்புறம் என்னத்தப் படிக்கிறீங்க?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

அத்தை வந்தது வேறு வழக்கோடு. அவள் மகன் கணக்கில் கவிழ்ந்திருந்தான். "எங்க ஆளுங்க எல்லாருமே கணக்குல புலி. இது இவன் அப்பா வீட்டு ஜீன்தானே? நீ படிச்சவ, சொல்லு," என்றாள். பக்கத்திலேயே மாமா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைத் திருப்பினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. குடும்பத்தில் நல்லதெல்லாம் நம் பக்கத்து ஜீன், கெட்டதெல்லாம் கட்டிக்கொண்ட பக்கத்து ஜீன். சின்னவள் படித்த முதல் மரபியல் விதி இதுதான். இதற்கு இன்றுவரை ஒரு விதிவிலக்குகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் தம்பி, அந்தத் தாய்மாமன்தான் ஆபத்தான ஆள். அவர் ரத்தப் பரிசோதனைக் கடை வைத்திருந்தார். "படிச்சு முடிச்சிட்டு நம்ம லேபுக்கு வந்துடு. பாட்டில்ல பேரு ஒட்டத் தெரிஞ்சாப் போதும்," என்றார். பெரியவள் உடனே, "நான் பேஷண்ட் அனுப்பறேன், கவலப்படாத," என்று பெருந்தன்மையோடு சொன்னாள். ஆக, அக்கா சீட்டு எழுதுவாள், தங்கை மூத்திரப் பாட்டிலில் பெயர் ஒட்டுவாள், ஆயுசு முழுக்க. 

தப்பிக்க ஒரே வழி இருந்தது. பக்கத்து நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். மேல்படிப்போடு ஆராய்ச்சி, தங்க இடம், சம்பளம் மாதிரி ஏதோ ஒரு தொகை. அவளுடைய கல்லூரிக்கு வருடத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த இடம் கிடைத்தால் மாமாவின் கடை இல்லை, அக்காவின் சீட்டு இல்லை, சித்தப்பாவின் தலை இல்லை. அதற்காகத்தான் அவள் மூன்றாம் வருடம் முழுக்க ஈயோடு குடித்தனம் நடத்தினாள்.

ஈ என்றால் சாதாரண ஈ அல்ல. கனிந்த பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக மொய்க்குமே, அந்தப் பழ ஈ. மரபியல் துறையின் சாமியே அதுதான். அந்தச் சாமிக்குப் பூசாரி துறைத் தலைவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மாணவர்களுக்கு அவர் மூணுக்கொண்ணு. நீள இறக்கை ஈயையும் குட்டை இறக்கை ஈயையும் ஜோடி சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் நீள இறக்கையோடு பிறக்கும். அந்தப் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் பேரப்பிள்ளைகளில் மூன்று நீளத்துக்கு ஒரு குட்டை வரும். மரபியல் படிப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. அவருக்கு இது உயிர்.

"ஈ பொய் சொல்லும். விகிதம் பொய் சொல்லாது," என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார்.

அவர் காலத்தில் எந்த மாணவனுக்கும் மூணுக்கு ஒண்ணு வராமல் போனதில்லை. வெள்ளம் வந்த வருடமும் வந்தது, வேலைநிறுத்தம் நடந்த வருடமும் வந்தது. ஈக்கள் பாதி செத்துப் போன வருடம்கூட, செத்ததுகள் ஒழுங்காக விகிதம் பார்த்துத்தான் செத்திருக்கின்றன. இந்த அதிசயம் எப்படி நடக்கிறது என்பதை முதல் நாளே சீனியர் அக்கா ஒருத்தி சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"மொதல்ல விடைய எழுதிக்கோ. அப்புறம் அதுக்கேத்த மாதிரி ஈய எண்ணு. ரொம்பக் கச்சிதமா வந்தா நல்லா இருக்காது, அதனால அங்கங்க ஒண்ணு ரெண்டு கூடக் கொறையப் போட்டுக்கோ."

ஈயடிச்சான் காப்பி என்று சொல்வார்களே, அதுதான். இவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், ஈயையே பார்க்காமல் காப்பியடித்தார்கள்.

சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் அல்ல. எண்ணுவது அவளுக்குப் பிடித்திருந்தது, அதனால். ஈதர் காட்டி மயக்கிய ஈக்களை வெள்ளை ஓட்டின் மேல் கொட்டி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சின்னத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணுவாள். அந்த நேரத்தில் அக்கா கிடையாது, மார்க் கிடையாது, டாக்டருக்குப் பக்கமும் கிடையாது. தன் வாழ்க்கையில் தனக்கென்று சரியாகச் செய்ய வருவது இது ஒன்றுதான் என்று அவள் நம்பினாள். அவள் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் கொட்டாவி. வகுப்பில் அவன் வாய் மூடியிருந்ததை யாரும் பார்த்ததில்லை. பேசியும் யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்தால் தூங்குவான், சாய்ந்தால் தூங்குவான், ஈக்கு ஈதர் காட்டினால் ஈக்கு முன்னால் இவன் மயங்குவான். மேசைக்கு இரண்டு பேர் என்பது விதி, விதி யாரை விட்டது. அவள் "நீளம், நீளம், குட்டை" என்று சொல்லச் சொல்ல, அவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தாளில் கோடு போட வேண்டும். அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தான். சொன்னதைப் போடுவான், சொல்லாததைப் போட மாட்டான். கூட ஒரு கோடு போடவும் சோம்பல், குறைக்கவும் சோம்பல்.

ஈ வளர்ப்பில் பெரிய பாடு கன்னி ஈக்களைப் பிடிப்பதுதான். பெண் ஈ கூட்டிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்துக்குள் அதைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். தவறவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே எவனோடோ காரியத்தை முடித்துக்கொள்ளும். அப்புறம் பிறக்கிற பிள்ளை யாருடையது என்று அதற்கே தெரியாது. விடுமுறையில் கல்லூரியைப் பூட்டிவிட்டதால் சின்னவள் பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தாள். மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் புளித்த வாடை வீடு முழுக்கப் பரவியது.

"ஈ ஓட்டுறதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்பினோம்?" என்றாள் அம்மா.

"ஓட்டலம்மா, வளக்கறேன்."

"அது அதவிட மோசம். எதுக்கு மணிக்கொரு தரம் எந்திரிச்சு வந்து எட்டிப் பாக்கற?"

"பொண்ணு ஈயத் தனியாப் பிரிக்கணும். கன்னியா இருக்கணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பொண்ணப் பெத்து வளத்தேன். உங்களுக்கே நான் இவ்வளவு காவல் இருக்கல," என்றாள். பெரியவள் அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பார்க்காத அசிங்கமா, ஆனால் டாக்டர்களுக்கு ஈ என்றால் தனி அருவருப்பு.

அந்த வருடம் வெயில் கொளுத்தியது. கல்லூரியின் ஈ அறையில் ஒரு ஏசி இருக்கும். கோடையில் ஈக்களுக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே வாங்கியது அது. இரண்டாம் தலைமுறை பாட்டிலுக்குள் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த இடத்தில் ஓர் ஓட்டையும் அதை அடைத்த அட்டையும்தான் இருந்தன. கேட்டதற்கு, ஏசி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். கொட்டாவி சட்டையை நனைத்துக்கொண்டு தூங்கினான்.

எண்ணும் நாள் வந்தது. சின்னவள் ஓட்டின் மேல் பேரப்பிள்ளைகளைக் கொட்டினாள். நீளம், நீளம், நீளம், குட்டை. அப்புறம் தூரிகை நின்றது. நீளமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல், பாதியில் கிழித்துவிட்ட மாதிரி இறக்கையோடு ஒன்று கிடந்தது. அடுத்தும் ஒன்று. அதற்கடுத்து இன்னொன்று.

"எந்தப் பக்கம் கோடு போட?" என்றான் கொட்டாவி.

"புதுசா ஒரு பத்தி போடு. பாதின்னு எழுது."

அவன் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டான். அவள் எல்லாவற்றையும் எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதேதான். பாதியையும் குட்டையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நாலில் ஒரு பங்கு தேறவில்லை. கன்னி ஈக்களைப் பிரித்தது அவள் கை, அதில் தப்பில்லை. பாட்டில் கலந்து போயிருக்கவும் வழியில்லை. அவள் நூலகத்துக்கு ஓடினாள். தடித்த புத்தகம் ஒன்றின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், விடை கிடந்தது. குட்டை இறக்கை ஈயைச் சூட்டில் வளர்த்தால் அதன் இறக்கை நீண்டுவிடும். சூடு ஏற ஏற இறக்கை வளரும். ஜீன் குட்டை ஜீன்தான், மாறியது வெயில். சிலது பாதியோடு நின்றிருக்கிறது. சிலது முழுதாகவே வளர்ந்து, நீள இறக்கைக் கூட்டத்தில் கலந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் கணக்கு உதைக்கிறது.

 புத்தகத்தில் இருந்தது பழைய விஷயம்தான். ஆனால் அதை அவள் கண் தானாகப் பார்த்திருக்கிறது. பெரியவள்கூட இப்படி ஒன்றை வாழ்க்கையில் கண்டுபிடித்திருக்க மாட்டாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு அரை நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

அதே அறை, அதே வெயில், அதே ஈ. ஆனால் மற்ற மேசைகளில் ஒரு பாதி இறக்கைகூடக் கிடையாது. எல்லோருக்கும் மூணுக்கு ஒண்ணு, அங்கங்கே ஒண்ணு ரெண்டு கூடக் குறைய.

மூணுக்கொண்ணு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கதவைத் திறந்ததும் ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் அடித்தது. மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவளுடைய முடிவுகள். மற்றது ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதம், பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக.

"என்னம்மா இது, மூணாவதா ஒரு பத்தி?"

"பாதி எறக்க சார்."

"பாதின்னு ஒண்ணு கெடையாதும்மா. நீளம், இல்லன்னா குட்ட. பாதிய எங்க கொண்டு போய் வெக்கறது?"

"சார், அது குட்டதான் சார். சூட்டுல வளந்ததால நீண்டிருக்கு. ஈ ரூம்ல ஏசி ரிப்பேர் ஆனதால..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். அவர் தலைக்கு மேலே சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாள் இன்னும் பிய்க்கப்படவில்லை. 'ஈ அறை. அணைக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. 

"எதனால?" என்றார் மூணுக்கொண்ணு. பேனா மூடியைக் கழற்றிக் கடிதத்தின் மேல் கையை வைத்திருந்தார். "நெலயத்துக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் நான் எழுத முடியும். உன்னத்தான் மனசுல வெச்சிருந்தேன். கை சுத்தமான பொண்ணுன்னு நெனச்சேன். இப்படி மூணு பத்தி போட்டா, நான் எப்படி எழுதறது, நீயே சொல்லு. ஏதோ சூடுன்னியே?"

சின்னவளுக்கு மாமாவின் கடை கண்ணில் வந்தது. வரிசையாகப் பாட்டில்கள், மஞ்சள் மஞ்சளாக.

"ஒண்ணுமில்ல சார். இங்க நல்லாக் குளுருதுன்னு சொல்ல வந்தேன்."

"குளுரத்தானே செய்யும். ஈக்கா வேர்க்கப் போவுது, எனக்குத்தானே வேர்க்கும்," என்று சிரித்தார். "போ, நிதானமா இன்னொரு தரம் எண்ணிப் பாரு. வரும். வராம எங்க போவுது."

அவள் எண்ணவில்லை. எண்ணி முடித்த ஈக்கள் ஏற்கெனவே சாராயப் புட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக எண்களை எழுதினாள். வேண்டாவெறுப்பாக எழுதியிருந்தாலும் போனால் போகிறது என்று விடலாம். ரசித்து எழுதினாள். இந்தப் பாட்டிலில் ஒன்று கூட, அந்தப் பாட்டிலில் இரண்டு குறைய என்று அழகாகக் கலைத்துப் போட்டு எழுதினாள். வகுப்பிலேயே பார்க்க உண்மை போலிருந்த எண்கள் அவளுடையவைதான். எழுதி முடித்தபோது தன்மேலேயே ஒரு கூச்சம் வந்தது, உண்மைதான். கடிதத்தில் தன் பெயரைப் பார்த்ததும் அது போய்விட்டது என்பதும் உண்மைதான்.

கொட்டாவியையும் எச்சரித்தாள். "நீயும் மாத்தி எழுதிக் குடுத்துடு. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில், ஒண்ணா இருக்கணும்."

"சரி," என்றான். தலையைக் கவிழ்த்தான். அவன் மாற்றவில்லை, அது அவளுக்குத் தெரியாது. மாற்றுவதென்றால் மறுபடி எழுத வேண்டும். ஒரு முறை எழுதியதே அவனுக்கு அதிகம். மூணுக்கொண்ணு அவனுக்குப் பாஸ் மார்க்கைப் பிச்சை போட்டார். மூணு பத்தி போட்ட காரணத்துக்காகக் கழித்த மார்க்கைப் பற்றி அவன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடிதம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாமே என்று கொட்டாவியின் விண்ணப்பத்தையும் சின்னவளே நிரப்பி அனுப்பினாள். அவன் அம்மாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. "ஒரு நாளாவது பகல்ல முழிச்சிருக்கட்டும்மா," என்றாள். அந்த நம்பிக்கையும் பஸ் கிளம்புவதற்குள் பொய்த்தது.

நிலையம் சுத்தமாக, அமைதியாக இருந்தது. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுகள் நடந்தன. ஓர் அறையில் வரிசை வரிசையாக ஈப் பாட்டில்கள், நடுவில் இரண்டு ஏசி. சின்னவள் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். இந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி ஆசை வந்தது.

முதலில் கொட்டாவியைக் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்ன கேட்டாங்க?"

"என்னமோ கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரிஞ்சதச் சொன்னேன்."

"அதுதான் இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருக்கு," என்றாள் சின்னவள். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நாற்காலியில் சரிந்தான்.

உள்ளே இரண்டு பேர். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள், அவர்தான் தலைமை. பக்கத்தில் ஓர் ஒல்லி விஞ்ஞானி. அம்மாள் மூணுக்கொண்ணுவின் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"உக்காரும்மா. உங்க சார் ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்காரு. அவர் பாத்ததுலயே துல்லியமான மூணுக்கு ஒண்ணு உன்னோடதுதானாம்."

"ஆமா மேடம்."

"இந்த வருஷம் வெயில் ரொம்ப ஜாஸ்தி. உங்க டிபார்ட்மெண்ட்ல ஏசி இருக்கா?"

"இருக்கு மேடம்."

இதில் பொய் இல்லை. எந்த அறையில் என்று அவர் கேட்கவில்லை.

அம்மாள் கடிதத்தைக் கீழே வைத்தார். "இப்ப வந்துட்டுப் போனாரே, அந்தத் தம்பி உன் மேசைதானே? ஒரே பாட்டில்தானே ரெண்டு பேருக்கும்?"

சின்னவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த அறையில் நல்ல குளிர்.

"ஆமா மேடம்."

"அவரு பாதி எறக்க ஈ நெறைய இருந்துச்சுங்கறாரு. மூணு பத்தியா பிரிச்சுச் சொல்றாரு. உனக்கு ஒண்ணுகூட இல்ல. ஒரே பாட்டில்ல இது எப்படிம்மா?"

சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் எல்லாமே தயாராக இருந்தது. சூடு, இறக்கை, ஏசி, பொடி எழுத்து. சொன்னால் மேசைமேல் கிடக்கிற கடிதம் பொய்யாகிவிடும். கடிதம் பொய் என்றால் அதைக் கொண்டுவந்தவளும் பொய். அவள் கணக்குப் போட்டாள். ஈயை எண்ணத் தெரிந்தவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை.

"அவரு தூங்கிடுவாரு மேடம். எப்பவும் அப்படித்தான். காலேஜ்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க," என்றாள்.

ஒல்லி விஞ்ஞானி எழுந்து போய்க் கொட்டாவியைக் கூட்டி வந்தார். அவன் கன்னத்தில் நாற்காலியின் தடம் பதிந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு, நிற்கிறேன் என்றான். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, ஈ எண்ணும்போது நீங்க தூங்குவீங்களாமே?" என்றார் அம்மாள்.

"ஆமா மேடம்."

"அன்னைக்கும் தூங்கினீங்களா?"

"பாதி தூக்கம்தான். கோடு போட்டேன்."

"அப்ப நீங்க சொன்ன எண்ணிக்க யாரு எண்ணினது?"

"அவதான் மேடம். எப்பவும் அவதான் எண்ணுவா. சொல்லச் சொல்ல நான் போடுவேன்." கொட்டாவி சின்னவளைப் பார்த்துத் தலையசைத்தான், பெருமையாக. "ரெண்டு தரம் எண்ணினா. அவ எண்ணினாத் தப்பாகாது மேடம்."

 சின்னவள் தன் கை விரல்களைப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போல இருந்தது.

"அந்தப் பாதி எறக்க ஏன் வந்துச்சுன்னு யோசிச்சீங்களா?" என்று அம்மாள் அவனைக் கேட்டார்.

"தெரியல மேடம். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்காக லைப்ரரிக்கெல்லாம் ஓடினா."

இரண்டு பேரும் சின்னவள் பக்கம் திரும்பினார்கள். அம்மாளின் முகத்தில் கோபம் இல்லை. காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார், அதுதான் கொடுமை. வாயைத் திறந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. திறந்தாள்.

"தெரியாது மேடம்," என்றாள்.

அம்மாள் கோப்பை மூடினார். "சரிம்மா. ரெண்டு பேரும் வெளிய இருங்க."

மாலையில் நிலையத்துக் கிளார்க் வந்து ஒரு பெயரைப் படித்தார். அது கொட்டாவிக்கு அவன் பெற்றோர் வைத்த பெயர். யார் அது என்று சின்னவளுக்கே விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயருக்குரியவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவள்தான் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"பஸ் வந்துடுச்சா?"

"உனக்கு எடம் கெடச்சிருக்கு."

"எனக்கா?" அவன் சுற்றிலும் பார்த்தான். "உனக்கு?"

"ஒரு எடம்தான்."

அவன்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் முயன்று பார்த்தாள். வரவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் விழுங்கினாள். கொட்டாவி முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். அவனை யோசிக்க வைத்த முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

"இங்க யாரு எனக்கு எண்ணித் தருவா?" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

"நீதான் எண்ணணும்."

"அந்தப் பாதி ரெக்கை ஏன்னு மறுபடி கேப்பாங்க. சேந்த ஒடனே அதத்தான் கேப்பாங்க." அவள் முகத்தைப் பார்த்தான். "உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"தெரியும்," என்றாள்.

 ஏன் உள்ளே சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. பையைத் துழாவி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"மெதுவாச் சொல்லு. எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள். குட்டை ஜீன் குட்டை ஜீன்தான் என்பது, சூடு ஏறினால் இறக்கை வளர்வது, சிலது முழுதாக வளர்ந்து நீளத்தோடு கலந்தது, சேர்த்தாலும் கால்வாசி வராததற்குக் காரணம், எல்லாம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவன் வார்த்தை விடாமல் எழுதினான்.

"ஈ ரூம்ல ஏன் சூடாச்சு? ஏசிதான் ரிப்பேருக்குப் போச்சே, அதனாலயா?"

"ரிப்பேருக்குப் போகல. சார் ரூம்ல மாட்டியிருக்கு. நான் பாத்தேன்."

கொட்டாவியின் பேனா நின்றது.

"இதையும் எழுதிக்கவா?"

"எழுதிக்கோ," என்றாள் சின்னவள்.